கொல்லையில் மூன்று ஆரஞ்சு மரம்: பிளசென்ஷியா நிஜமாகவே ஆரஞ்சு விளைந்த ஊரா?

பிளசென்ஷியாவுக்குப் புதுசு:

எல்லோருக்கும் வணக்கம். தெற்குக் கலிஃபோர்னியாவில், ஆரஞ்சு கவுண்டியில் (கவுண்டி என்றால் மாவட்டம் மாதிரி) இருக்கும் பிளசென்ஷியாவில் போன மாதம் ஒரு பழைய வீடு வாங்கிக் குடிவந்தோம். (ஊர்ப் பெயர் பிளசென்டா, அதாவது நஞ்சுக்கொடி, மாதிரி ஒலிக்கிறதே என்று டாக்டரான என் மைத்துனி ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள். அதை விடுங்கள்.) வீடு 1964ல் கட்டியது. கொல்லையில் மூன்று ஆரஞ்சு மரங்கள். இரண்டு நல்ல தடிமன், கட்டிப் பிடித்தால் கை எட்டாது. மூன்றாவது கொஞ்சம் ஒல்லி, சமையலறை ஜன்னலை ஒட்டி நிற்கிறது. பக்கத்து வீட்டுக் கொல்லையிலும் ஒரு தடித்த மரம். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தால் எங்கள் இரண்டும் அதுவும் ஒரே கோட்டில் நிற்பது போலத் தெரிகிறது. எனக்கு மட்டும்தான் அப்படித் தெரிகிறதோ என்னவோ.

இன்னொரு விஷயம். மார்ச்சில் வீடு பார்க்க வந்தபோது தடித்த மரங்களில் பழம் நல்ல நிறமாக இருந்தது. இப்போது ஜூலையில் அதே பழங்கள் காம்புப் பக்கம் பச்சை அடிக்கின்றன. பழுத்த பழம் மறுபடி காயாகுமா? மூன்றாவது மரத்தில் பழமே இல்லை, கோலிக்குண்டு அளவில் பிஞ்சுதான்.

வீட்டு ஏஜென்ட், "இந்தப் பக்கம் எல்லாம் ஒரு காலத்தில் ஆரஞ்சுத் தோப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தோப்பு எப்படி வந்தது, எப்படிப் போனது, யாருடையது? பையன் ஆகஸ்டில் மூன்றாம் வகுப்புப் போகிறான். அந்த வகுப்பில் ஊர் வரலாறு பற்றி ஒரு ப்ராஜெக்ட் உண்டாமே. அவனை விட எனக்குத்தான் ஆர்வம் அதிகமாகிவிட்டது.

கடைசியாக ஒன்று. போன வாரம் விவசாயத் துறையிலிருந்து ஒருவர் வந்து ஆரஞ்சு மரத்தைப் பார்த்தார். அப்புறம் நேராக எங்கள் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போய், இலையைத் திருப்பித் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தார். என் மனைவிக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. செடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களா?

அனாஹைம்வாசி:

வாழ்த்துகள் நண்பரே. தோப்பு எப்படிப் போனது என்பதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம்: டிஸ்னிலாண்ட். அனாஹைமில் 160 ஏக்கர் ஆரஞ்சு, வால்நட் தோப்புகளை வாங்கி வெட்டித்தான் கட்டினார்கள். 1955 ஜூலை 17ல் திறப்பு விழா. அதோடு ஆரஞ்சுக் கதை முடிந்தது.

புளியங்குடி:

அனாஹைம் தம்பி, அவ்வளவு சுலபமாக முடித்துவிடாதீர்கள். இந்தக் கவுண்டியில் உச்ச காலத்தில் 60,000 ஏக்கருக்கு மேல் ஆரஞ்சு நின்றது. அதில் 160 ஏக்கர் போனது ஓர் ஓரம் கிழிந்த மாதிரி. மீதியை எந்த எலி தின்றது? மிக்கி இல்லை, அது மட்டும் நிச்சயம்.

பிளசென்ஷியாத் தம்பிக்கு: நான் 1988ல் இந்தப் பக்கம் வந்தவன். பக்கத்து ஊரான ஃபுல்லர்ட்டனில் வீடு. சொந்த ஊர் புளியங்குடி. எங்கள் அப்பா எலுமிச்சைத் தோப்பு வைத்திருந்தவர். அதனால் இங்கே யார் "ஆரஞ்சு" என்று ஆரம்பித்தாலும் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பச்சை அடிக்கும் பழம். கவலை வேண்டாம், அது கெடவில்லை. உங்கள் தடித்த மரங்கள் வாலென்ஷியா ரகம். குளிர்காலத்தில் தோல் நிறம் மாறும், ஆனால் உள்ளே சாறு இனிப்பாக வசந்தம், கோடை ஆகிவிடும். அதுவரை மரத்திலேயே தொங்கும். வெயில் ஏறியதும் தோல் மட்டும் திரும்பப் பச்சையாகும். வெட்டிப் பாருங்கள், உள்ளே தேன். அந்தக் காலத்திலும் வடகிழக்கு நகரத்துக்காரர்கள் பச்சைத்தோல் பழத்தை வாங்க மறுத்தார்கள். அதனால் பேக்கிங் ஹவுஸில், அதாவது பழத்தைப் பெட்டி கட்டும் கூடத்தில், மண்ணெண்ணெய் அடுப்பு வைத்த அறைக்குள் பழத்தைப் பூட்டி நிறம் ஏற்றினார்கள். சூட்டினால்தான் நிறம் வருகிறது என்று நினைத்திருந்தார்கள். புகையில் இருக்கும் எத்திலீன் வாயுதான் வேலை செய்கிறது என்று 1920களில்தான் தெரிந்தது. நம் ஊரில் வாழைத்தாரை அறைக்குள் அடுக்கிப் புகை மூட்டம் போடுவார்களே, அதே சங்கதி.

இப்போது ஊர்க் கதை. இந்த நிலத்துக்கு ஆரஞ்சும் வந்தேறிதான். 1837ல் மெக்சிகோ அரசு இந்த இடத்தை ஹுவான் பசிஃபிகோ ஒன்டிவெரோஸ் என்பவருக்கு மாட்டுப் பண்ணையாகக் கொடுத்தது. அதற்கும் முன்னால் இது டோங்வா பழங்குடியினரின் மண். 1857ல் அந்தப் பண்ணையில் ஒரு துண்டை வாங்கி ஜெர்மன்காரர்கள் அனாஹைமில் திராட்சை போட்டார்கள். வைன் வியாபாரம் சக்கைப்போடு போட்டது. 1880களில் ஒரு நோய் வந்து கொடிகள் மொத்தமாகக் காய்ந்தன. அந்த நோய்க்கே கொஞ்ச காலம் அனாஹைம் நோய் என்றுதான் பெயர். அதன் பிறகுதான் வால்நட்டும் ஆரஞ்சும் பரவின. ஒரு பயிர் செத்த இடத்தில் இன்னொன்று. 1889ல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பிரித்து இதற்கு ஆரஞ்சு கவுண்டி என்று பெயர் வைத்தபோது ஆரஞ்சு இங்கே அவ்வளவு பெரிய பயிர் கூட இல்லை. பெயர் முந்திக்கொண்டது, தோப்பு பின்னால் வந்தது.

பிளசென்ஷியாவை ஆரஞ்சு ஊராக்கியவர் சார்ல்ஸ் சாப்மன். சிகாகோ பக்கம் புத்தக வியாபாரம் செய்தவர், 1894ல் இங்கே தோப்பு வாங்கினார். அவர் செய்த தந்திரம் எலுமிச்சைக்காரனான எனக்கு உடனே புரிந்தது. எங்கள் ஊரில் மழைக்காலத்தில் எலுமிச்சை அடிமாட்டு விலைக்குப் போகும், சித்திரை வெயிலில் அதே பழம் தங்கம். கோடையில் யார் மரத்தில் காய் வைத்திருக்கிறானோ அவன்தான் ராஜா. ரிவர்சைடு பக்கம் எல்லோரும் தொப்புள் ஆரஞ்சு போட்டிருந்தார்கள். அது குளிர்காலப் பழம், வசந்தத்தோடு சரி. சாப்மன் வாலென்ஷியாவைப் பிடித்துக்கொண்டார். கோடையில் நியூயார்க்கில் வேறு ஆரஞ்சே இல்லாதபோது இவருடைய ஓல்டு மிஷன் முத்திரைப் பெட்டிகள் போய் இறங்கின. சொன்ன விலை. கடற்காற்று வரும் இந்தப் பக்கம் முழுக்க வாலென்ஷியா ஆனதும், கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ரிவர்சைடு பக்கம் தொப்புள் ஆரஞ்சே நிலைத்ததும் இப்படித்தான்.

ரயில் இல்லாமல் இது எதுவும் நடந்திருக்காது. 1910ல் பிராட்ஃபோர்டு என்ற தோப்புக்காரர் சான்டா ஃபே ரயில் கம்பெனியிடம் பேசி, லாஸ் ஏஞ்சலஸுக்குப் போகும் குறுக்குப் பாதையை இந்த ஊர் வழியாகக் கொண்டுவந்தார். தண்டவாளத்தை ஒட்டி வரிசையாக பேக்கிங் ஹவுஸ் முளைத்தது. 1926ல் பிளசென்ஷியா நகராட்சி ஆயிற்று. ராத்திரி உங்களை எழுப்புகிற சரக்கு ரயில் அதே பாதையில்தான் ஓடுகிறது. அப்போது ஆரஞ்சு கிழக்கே போனது, இப்போது துறைமுகத்துக் கன்டெய்னர் போகிறது.

குளிர் ராத்திரிகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை முழுசாகாது. 1913 ஜனவரியில் ஓர் உறைபனி வந்து தெற்குக் கலிஃபோர்னியாத் தோப்புகளை வதைத்துவிட்டது. அதன் பிறகு வரிசைக்கு வரிசை எண்ணெய்க் கணப்புகளை வைத்தார்கள். ஸ்மட்ஜ் பாட் என்பார்கள், புகைக்குழாய் வைத்த இரும்புச் சட்டி. குளிர்கால ராத்திரி எட்டு மணிக்கு வானொலியில் ஃபிளாய்டு யங் என்பவர் ஊர் ஊராக எத்தனை டிகிரி இறங்கும் என்று படிப்பார். அதைக் கேட்காமல் எந்தத் தோப்புக்காரரும் படுக்கமாட்டார். இறங்கும் என்றால் ராத்திரி முழுக்கக் கணப்பு மூட்டவேண்டும். காலையில் ஊர் முழுக்கக் கரி. பள்ளிக்கு வரும் பிள்ளைகள் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும் என்று என் தெருவில் இருந்த கிழவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். பழப்பெட்டி லேபிள்களில் நீல வானமும் பனிமலையும் பளபளக்கும். எந்த லேபிளிலும் இந்தப் புகையை நான் பார்த்ததில்லை.

சரி, எப்படிப் போனது? முதல் அடி நோய். டிரிஸ்டீசா என்ற வைரஸ். இனிப்பு ஆரஞ்சைப் புளிப்பு ஆரஞ்சு அடிச்செடியில் ஒட்டுக் கட்டியிருந்தால், இந்த வைரஸ் வந்ததும் மரம் சில வாரங்களில் பட்டுப்போகும். 1939 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் தலைகாட்டியது. வைரஸ்தான் என்று 1946ல் நிரூபித்தார்கள். மரத்தைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டால் காசு பார்க்க ஏழெட்டு வருஷம். அதே நேரத்தில் போர் முடிந்து வந்த சிப்பாய்களுக்கு அரசு உத்தரவாதத்தில் வீட்டுக்கடன். பிளாட் போடுகிறவன் வாசலில் நிற்கிறான். அறுபது வயதுத் தோப்புக்காரர் என்ன செய்வார்?

இரண்டாவது அடி வரி. இதைப் பலர் பேசுவதில்லை. பக்கத்துத் தோப்பு மனையாக விற்றால், உங்கள் தோப்பின் மதிப்பையும் மனை விலைக்கு ஏற்றி வரி போடுவார்கள். ஆரஞ்சு விற்ற காசில் வீட்டுமனை வரி கட்டவேண்டும். ஒருவர் விற்றால் அடுத்தவருக்குக் கழுத்து இறுகும். சீட்டுக்கட்டு மாதிரி ஒவ்வொன்றாகச் சரிந்தது. விவசாய நிலத்துக்கு விவசாய வரி என்ற வில்லியம்சன் சட்டம் 1965ல்தான் வந்தது. அப்போது உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஆட்கள் குடியேறியாயிற்று.

எண்ணிக்கையைப் பாருங்கள். 1950ல் பிளசென்ஷியாவில் 1,682 பேர். 1960ல் 5,861. 1970ல் 21,948. கவுண்டி மொத்தமும் 1950ல் 2,16,224, இருபது வருஷத்தில் 14,20,386. ஆரஞ்சு அழிந்துவிடவில்லை, டுலாரே கவுண்டி போன்ற, கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்குப் பக்கம் குடிபோனது.

உங்கள் மரத்துக்கு வருவோம். டேப் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போங்கள். அந்தக் காலத்தில் இங்கே சதுரக் கட்டமாக, மரத்துக்கு மரம் 20லிருந்து 24 அடி விட்டு நட்டார்கள். 22 அடி என்றால் ஏக்கருக்கு 90 மரம் வரும். உங்கள் இரண்டு மரத்துக்கும் பக்கத்து வீட்டு மரத்துக்கும் ஒரே இடைவெளி வந்தால் அது தோப்பு வரிசைதான். பிளாட் போட்டவர்கள் மனைக்கு ஒன்றிரண்டு மரத்தை விட்டுவைப்பது வழக்கம், வீடு விற்கும்போது சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. வைரஸில் பிழைத்து இத்தனை நாள் நிற்கிறது என்றால் புளிப்பு அல்லாத அடிச்செடியில் ஒட்டுப் போட்டதாக இருக்கும்.

அந்த ஒல்லி மரத்தின் பிஞ்சைப் பறித்து அடிப்பக்கத்தைப் பையனைப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன பார்க்கவேண்டும் என்று இப்போது சொல்லமாட்டேன்.

ஆரஞ்சு நகரம்:

புளியங்குடி ஐயா, அருமை. நான் இருப்பது ஆரஞ்சு நகரத்தில். இங்கே சாப்மன் அவென்யூ, சாப்மன் பல்கலைக்கழகம் எல்லாம் நீங்கள் சொன்ன அந்த வாலென்ஷியா சாப்மன் பெயரில்தான். ஊரையே 1871ல் உருவாக்கியவர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

புளியங்குடி:

இந்தக் குழப்பம் எனக்கும் பத்து வருஷம் இருந்தது. இரண்டு சாப்மன். உங்கள் ஊரை கிளாசெல் என்பவரோடு சேர்ந்து உருவாக்கியவர் ஆல்ஃபிரெட் சாப்மன், வக்கீல். தெருப் பெயர் அவருடையது. பல்கலைக்கழகம் சார்ல்ஸ் சாப்மன் பெயரில். கல்லூரி 1954ல்தான் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து உங்கள் ஊருக்கு வந்தது. ஆல்ஃபிரெட் பெயரில் இருந்த தெருவுக்குப் பக்கத்தில் சார்ல்ஸ் பெயரில் இருக்கும் கல்லூரி போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு வேடிக்கை. வாலென்ஷியா ரகத்தை 1876ல் இங்கிலாந்து நர்சரி ஒன்றிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு முதலில் வரவழைத்தவர்களில் ஆல்ஃபிரெட்டும் ஒருவர். அதை வைத்துப் பணம் பார்த்தவர் சார்ல்ஸ். ஸ்பெயினின் வாலென்ஷியாவுக்கும் இந்தப் பழத்துக்கும் நேரடி உறவு கிடையாது. எங்கள் ஊர்ப் பழம் போல இருக்கிறதே என்று ஒரு ஸ்பானியர் சொன்னதில் ஒட்டிக்கொண்ட பெயர் என்பார்கள்.

உங்கள் ஊர் ரயிலடியில் இருக்கும் பழைய பேக்கிங் ஹவுஸைப் போய்ப் பாருங்கள். கவுண்டியில் கடைசி வரை ஓடியது அதுதான், 2006ல் மூடினார்கள். இப்போது அதுவும் பல்கலைக்கழகத்தின் கையில். அனாஹைமில் 1919ல் கட்டிய ஒரு பேக்கிங் ஹவுஸை 2014ல் சாப்பாட்டுக் கடைகளாக்கித் திறந்தார்கள். கூட்டம் அம்முகிறது. அங்கே ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸ் விலையைக் கேட்டுவிட்டு நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மூன்றாம்வகுப்பு டீச்சர்:

நான் இந்தக் கவுண்டியில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். ப்ராஜெக்ட் உண்டு தம்பி, தயாராக இருங்கள். அட்டைப்பெட்டியில் தோப்பு மாடல் செய்துகொண்டு வருவார்கள், பழப்பெட்டி லேபிள் வரைவார்கள். லேபிள் வரைவது நல்ல பயிற்சிதான். 1950களில் மரப்பெட்டி போய் அட்டைப்பெட்டி வந்ததும் அந்தக் காகித லேபிள்கள் மொத்தமாக நின்றுபோயின. கட்டுக் கட்டாக மிஞ்சியதைத்தான் இன்று கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள்.

ஆனால் ஐயாவின் பதிலில் ஒரு ஓட்டை. சாப்மன், பிராட்ஃபோர்டு என்று தோப்பு வைத்திருந்தவர்கள் பெயர் வந்தது. பறித்தவர்கள்?

முதலில் சீனர்கள், அப்புறம் ஜப்பானியர்கள், 1920களிலிருந்து பெரும்பாலும் மெக்சிகோக் குடும்பங்கள். உங்கள் ஊரிலேயே ஆட்வுட், லா ஹோயா என்ற குடியிருப்புகள் பறிப்பவர்களுக்காக உண்டானவை. கொலோனியா என்பார்கள். ஆண்கள் மரத்தில் பறிப்பார்கள். பெண்கள் பேக்கிங் ஹவுஸில் ஒவ்வொரு பழத்தையும் மெல்லிய தாளில் சுற்றி அடுக்குவார்கள். பெட்டிக்கு 126 பழம், 150, 176 என்று அளவுக்கு ஒரு எண் உண்டு. கூலி பெட்டிக் கணக்கு.

1936 ஜூனில் 2,000க்கும் மேற்பட்ட பறிப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வும் சங்க அங்கீகாரமும் கேட்டார்கள். தோப்புக்காரர்கள் பக்கம் கவுண்டிப் போலீஸ் தலைவரான ஷெரிஃப் நின்றார், அவரே ஒரு தோப்புக்காரர். ஆயுதம் கொடுத்துக் காவலுக்கு ஆட்களை இறக்கினார்கள். சுட்டால் கொல்லும்படி சுடு என்று உத்தரவே போட்டார்கள். ஜூலைக் கடைசியில் கொஞ்சம் கூலி ஏறியது, சங்கத்தை மட்டும் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடமும் தனிதான். மெக்சிகோப் பிள்ளைகளுக்கு ஒன்று, வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஒன்று. பக்கத்தில் வெஸ்ட்மின்ஸ்டரில் சில்வியா மெண்டெஸ் என்ற சிறுமியையும் தம்பிகளையும் அத்தை பள்ளியில் சேர்க்கக் கூட்டிப் போனார். வெளுப்பாக இருந்த அத்தை பிள்ளைகளுக்கு இடம் உண்டு, மெண்டெஸ் பிள்ளைகளுக்கு இல்லை என்றார்கள். ஐந்து குடும்பங்கள் 1945ல் வழக்குப் போட்டன. அதில் ஒரு குடும்பம் ஆரஞ்சு நகரத்தை ஒட்டிய எல் மொடேனாவிலிருந்து, அது பறிப்பவர்கள் ஊர். 1946ல் ஜெயித்தார்கள், 1947ல் மேல்முறையீட்டிலும் நின்றது. அந்த வருஷமே கலிஃபோர்னியாவில் பள்ளிப் பிரிவினைச் சட்டத்தை நீக்கிக் கையெழுத்துப் போட்ட ஆளுநர் எர்ல் வாரன். ஏழு வருஷம் கழித்து உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக நாடு முழுவதற்கும் பள்ளிப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு எழுதியவரும் அவரே.

இதை எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாமா என்று சில பெற்றோர் என்னிடம் கேட்டதுண்டு. சில்வியாவுக்கும் அப்போது எட்டு வயதுதான்.

புளியங்குடி:

டீச்சரம்மா சொன்னது நியாயம். தோப்புக்காரன் வீட்டுப் பிள்ளை எழுதினால் இப்படித்தான் வரும். எங்கள் தோப்பில் காய் பறித்தவர்கள் பெயரைக் கேட்டால் எனக்கே இரண்டுக்கு மேல் ஞாபகம் வரவில்லை, கூசுகிறது.

நான் மேலே சொன்ன தெருக் கிழவர் ஆட்வுட்டில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் அப்பாவோடு பறிக்கப் போனவர். ஆரஞ்சை இழுத்துப் பறிக்கக் கூடாது, காம்பைக் கத்தரியால் தோலோடு ஒட்டி வெட்டவேண்டும், தோலில் கீறல் விழுந்தால் ரயிலில் போகும்போதே நீலப் பூஞ்சை பிடிக்கும் என்று எனக்குக் கை பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். என் கொல்லை மரத்தில் ஒரு பழத்தை நான் திருகிப் பறித்ததைப் பார்த்துவிட்டு வந்த பாடம் அது. அதுவரை 25 வருஷம் நான் தப்பாகத்தான் பறித்துக்கொண்டிருந்தேன்.

தொட்டிச்செடி:

யாரும் கறிவேப்பிலைக்குப் பதில் சொல்லவில்லையே! வீட்டில் ஒருவர் தூங்காமல் இருக்கிறார் என்று கவனிக்கக் கூடாதா?

அண்ணி பயப்படவேண்டாம். அவர்கள் தேடுவது எள் அளவே இருக்கும் ஒரு பூச்சியை. ஆசிய சிட்ரஸ் சைலிட் என்று பெயர். 2008ல் கலிஃபோர்னியாவுக்குள் வந்தது. இது எச்.எல்.பி. என்ற நோயை மரத்துக்கு மரம் கொண்டுபோகும். நம் ஊர் விவசாயத் துறையில் கிரீனிங் நோய் என்பார்கள். மருந்து கிடையாது. ஃபுளோரிடாவில் 2005ல் வந்து ஆரஞ்சுத் தொழிலையே படுக்கவைத்துவிட்டது. கலிஃபோர்னியாவில் முதல் நோய் மரம் 2012ல் ஹசியெண்டா ஹைட்ஸில் ஒரு வீட்டுக் கொல்லையில்தான் கிடைத்தது. ஆரஞ்சு கவுண்டியில் 2017ல். தோப்பெல்லாம் போனபின் இங்கே மிச்சம் இருக்கும் ஆரஞ்சு முழுக்க வீட்டுக் கொல்லைகளில்தானே, அதனால்தான் வீடு வீடாக வருகிறார்கள்.

கறிவேப்பிலையும் ஆரஞ்சும் ஒரே குடும்பம். இந்தப் பூச்சிக்குக் கறிவேப்பிலைக் கொழுந்து என்றால் உயிர், அதில்தான் முட்டை வைக்கும். கறிவேப்பிலைக்கு அந்த நோய் பிடிப்பதில்லை, பூச்சி வளர இடம் கொடுக்கும், அவ்வளவுதான். செடியை வைத்துக்கொள்ளலாம், பறித்துத் தாளிக்கலாம். ஆனால் தனிமைப்படுத்தல் எல்லைக்குள் இருக்கும் வீட்டிலிருந்து செடியையோ இலையையோ வெளியே எடுத்துப் போகக் கூடாது. ஆரஞ்சுப் பழத்துக்கும் அப்படித்தான், வீட்டில் சாப்பிடுங்கள். "உங்க வீட்டுக் கன்று ஒன்று குடுங்க" என்று கோயிலில் யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். எனக்கு இதனால் இரண்டு சிநேகிதிகளோடு பேச்சுவார்த்தை இல்லை. ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் கறிவேப்பிலை ஒளித்துக் கொண்டுவருகிறவர்களைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பதை இங்கே எழுதினால் இந்தப் பதிவை நீக்கிவிடுவார்கள்.

கொழுந்து இலைகளை வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும்.

பிளசென்ஷியாவுக்குப் புதுசு:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை காலை முழுக்க இதே வேலை. பக்கத்து வீட்டம்மாவிடம் டேப்பின் ஒரு நுனியைக் கொடுத்து வேலிக்கு அந்தப்பக்கம் பிடிக்கச் சொன்னேன். முதலில் நான் ஏதோ வேலித் தகராறுக்கு அளக்கிறேன் என்று நினைத்து முகம் மாறிவிட்டார். விஷயம் சொன்னதும் வீட்டுக்குள் போய்த் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

எங்கள் இரண்டு தடித்த மரத்துக்கும் நடுவே 22 அடி 2 அங்குலம். இரண்டாவதிலிருந்து அவர் மரத்துக்கு 21 அடி 10 அங்குலம். ஐயா, தோப்பு வரிசைதான்! வேலிக்குத் தெரியாது, மரங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஜன்னலோர ஒல்லி மரம் எந்தக் கணக்கிலும் வரவில்லை, 13 அடியில் கோணலாக நிற்கிறது.

அதன் பிஞ்சைப் பையன் பறித்தான். அடியில் தொப்புள்! குட்டியாக, குழந்தைக்கு இருப்பது போலவே. அவன் தன் சட்டையைத் தூக்கி ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டான். அப்படியென்றால் அது வீடு கட்டிய பின் யாரோ கடையில் வாங்கி வைத்த தொப்புள் ஆரஞ்சு, சரிதானே?

கறிவேப்பிலை பிழைத்தது. மனைவி தூங்குகிறாள். சான் டியேகோவில் இருக்கும் மைத்துனி கன்று கேட்டிருந்தாள், கிடையாது என்று சொல்லிவிட்டோம். ஊர்ப் பெயரைப் பார்த்துச் சிரித்ததற்குத் தண்டனை என்று வைத்துக்கொள்ளட்டும்.

பையன் லேபிள் வரைய ஆரம்பித்துவிட்டான். மரம், மலை, ரயில் எல்லாம் ஆயிற்று. டீச்சர் எழுதியதைப் படித்துக் காட்டியதும் மரத்தில் ஓர் ஏணி சாய்த்திருக்கிறான். ஏணியில் நிற்கிறவர் என்ன போட்டிருப்பார் என்று உங்களிடம் கேட்கச் சொன்னான்.

புளியங்குடி:

சரியேதான் தம்பி. அந்த ஒல்லி மரம் ரிவர்சைடு வம்சம். பிரேசிலில் இருந்து வாஷிங்டன் வந்து, அங்கிருந்து 1873ல் எலைசா டிபெட்ஸ் என்ற அம்மாளுக்கு அனுப்பிய கன்றுகளிலிருந்துதான் கலிஃபோர்னியாத் தொப்புள் ஆரஞ்சு எல்லாம் ஒட்டுக் கட்டிப் பரவியது. விதை இல்லாத பழம், வேறு வழியில்லை. அதில் ஒரு மரம் ரிவர்சைடில் மேக்னோலியா, ஆர்லிங்டன் தெருக்கள் சந்திக்கும் மூலையில் இன்னும் நிற்கிறது. தொட்டிச்செடி சொன்ன அதே பூச்சிக்குப் பயந்து அதைச் சுற்றி வலைக்கூடாரம் போட்டிருக்கிறார்கள். பையனைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

ஏணிக்காரருக்கு: முழுக்கைச் சட்டை, கட்டாயம். ஆரஞ்சுக்கு முள் உண்டு. கையுறை. அகலமான தொப்பி. தோளிலிருந்து குறுக்கே தொங்கும் கித்தான் பை, முட்டி வரைக்கும் வரும். பையின் அடியைத் திறந்தால் பழம் அடிபடாமல் பெட்டிக்குள் சரியவேண்டும், அதனால் அடியில் ஒரு மடிப்பும் கொக்கியும் வரையச் சொல்லுங்கள். நிறைந்தால் 20 கிலோவுக்கு மேல் இருக்கும், அந்தப் பக்கத் தோள் கொஞ்சம் இறங்கியிருக்கவேண்டும். வலது கையில் கத்தரி, முனை மழுங்கியது.